திங்கட்கிழமைக் கோடுகள்

ஜூன் 4

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீங்களும் என்னைத் திருப்பிக் கேட்க வேண்டி வரும். அது உங்களுக்குப் பிடிக்காது.

போன வாரம் உங்கள் தையல்கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நீங்கள் ஊரில் இல்லை என்றார். அவர் பின்னால் உங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிதி எனக்குத் தெரியாதா? நாலு மிதி, ஒரு நிறுத்தம். சரி, இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படியுங்கள்.

உங்கள் தம்பி வேலை பார்த்த அரண்மனையிலேயே ஏப்ரலில் எனக்கு வேலை கொடுத்தார்கள். அவர் காவலுக்கு நின்றார், நான் பெருக்கித் துடைக்கிறேன். அதே தர்பார் மண்டபம்தான். ராஜா உட்கார்ந்த நாற்காலி, அதற்கு முன்னால் சிவப்புக் கம்பளம், சுற்றிலும் கயிறு. பார்க்க வருகிறவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே கால் வைக்கிற ஒரே ஆள் நான்தான். ராஜாவுக்கு அடுத்து நான் என்று பாப்பாவிடம் சொல்வேன். அவள் சிரிக்கமாட்டாள். அப்பா போனதிலிருந்து அவள் சிரிப்பதில்லை.

நாற்காலிக்கு மேலே மரத்தில் ஒரு மாடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ராணிகள் அங்கே நின்று கீழே நடப்பதைப் பார்ப்பார்களாம். அதற்குப் போகிற படிக்கட்டின் அடியில்தான் பிப்ரவரியில் அவரைக் கண்டெடுத்தார்கள். அந்தப் படிக்கட்டின் கதவு எப்போதும் பூட்டித்தான் இருக்கும். சாவி ஆபீஸில் இருக்கும். அன்று அரண்மனைக்கு வார விடுமுறை, திங்கட்கிழமை. காய்ச்சல் மயக்கத்தில் விழுந்தார் என்று ஆபீஸில் எழுதி மூடிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து வந்த அன்று எல்லார் முன்னாலும் நீங்கள் கேட்டீர்கள். "லீவு நாள்ல, காய்ச்சல் உடம்போட அவன அனுப்பி வச்சியே, உனக்கு நெஞ்சு கல்லா?" அன்று காலையில் நான் அவரிடம் சொன்ன கடைசி வார்த்தை, "போங்க, அந்த அரண்மனையையே கட்டிக்கிட்டு அழுங்க" என்பதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணி, எனக்குப் பயமாக இருக்கிறது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, தலைக்கு மேலே, சத்தம் கேட்கிறது. டக். கொஞ்சம் விட்டு இன்னொரு டக். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஓர் அடி வைத்துவிட்டு யோசித்து அடுத்த அடி வைப்பதுபோல. காலையில் போனால் ராஜா நாற்காலிமேல் மாவு சலித்ததுபோல வெள்ளைப் பொடி. துடைக்கிறேன். மறுநாள் மறுபடியும் இருக்கிறது. நான் துடைக்கத் துடைக்க யாரோ போடுகிறார்கள்.

அவர்தான் நடக்கிறார் என்று நினைக்கிறேன். என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த சட்டைப்பையில் ஒரு சாக்குக்கட்டித் துண்டு இருந்தது. காவல்காரருக்குச் சாக்குக்கட்டி எதற்கு? உங்களுக்கு அவர் கடிதம் எழுதுவார் என்று தெரியும். எதற்கு அங்கே போனார் என்று எழுதியிருந்தாரா? அதை மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 9

தம்பி பெண்டாட்டிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன்.

செத்தவன் நடக்கமாட்டான். என் தம்பி உயிரோடு இருந்தபோதே அவ்வளவு நிதானமாக நடந்ததில்லை, தடதடவென்று ஓடுவான். அது எலியாக இருக்கும். இல்லையென்றால் பழைய மரம். வெயில் இறங்கும்போது மரம் சுருங்கிச் சத்தம் போடும். என் கடைக் கதவும்தான் போடுகிறது, அதற்காக நான் யாரையும் கூப்பிட்டு அழுவதில்லை.

அவன் எனக்கு எழுதியது எனக்கு எழுதியது. உனக்குச் சொல்ல வேண்டும் என்றால் உன்னிடம் சொல்லியிருப்பான். ஒரே வீட்டில்தானே இருந்தீர்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தச் சாக்குக்கட்டி என்ன நிறம்?

அண்ணி


ஜூன் 14

அண்ணிக்கு,

நீலம். பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி உருண்டையாக இல்லை. தட்டையாக, ஓரம் கூராக இருக்கிறது.

நீங்கள் நிறத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு சுவர்தான் நினைப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மாடத்தைத் தாங்குகிற பெரிய உத்திரம் ஒரு பக்கம் சுவருக்குள் போகிறது. அந்த இடத்திலிருந்து ஒரு விரிசல், சுவரில் மாட்டியிருக்கிற ராணி படத்தின் ஓரமாகக் கீழே இறங்குகிறது. பழைய கட்டடம், விரிசல் இல்லாத சுவரே இல்லை, அதனால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் விரிசலை ஒட்டி நீலத்தில் குட்டிக் குட்டிக் கோடுகள் இருந்தன. ஒன்றின் கீழ் ஒன்றாக ஒன்பது கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏதோ எண். பார்க்க வந்த பிள்ளைகள் கிறுக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். சோப்புத் தண்ணீர் வைத்து, ஏணி போட்டு, பாதிப் பகல் தேய்த்தேன். ஒரு கோடு விடவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் எப்போதும் கழுத்தில் விசில் போட்டிருப்பார், அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். அவர் வந்து பார்த்து, "வந்த மொத வாரமே சுவர கண்ணாடி ஆக்கிட்டியேம்மா! உன் வீட்டுக்காரர் மூணு மாசமா அதுக்கு நேரா நின்னாரு, ஒரு ஈரத்துணி எடுக்கல" என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது சொல்லுங்கள். நான் எதைத் துடைத்தேன்?

இன்னொன்று. அந்த மாடத்தை ஜூலை ஒன்றாம் தேதி பொதுமக்களுக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். இதுவரை யாரும் ஏறாத இடம் என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். திறக்கிற அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபது பேர் மேலே வரிசையாக நின்று பாட வேண்டும். பாப்பாவின் பள்ளிக்கூடம்தான். அவள் உயரம் குறைவு, அதனால் முன்வரிசை.

நேற்று நாலு மணிக்கு மூன்று தடவை கேட்டது.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 18

அம்மாடி,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். ஒரு சட்டை தைக்க எனக்கு இவ்வளவு நேரம் ஆனதில்லை.

அது துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டி. என் மேசையிலிருந்து அவன் எடுத்துப்போனது. போன டிசம்பரில் இங்கே வந்தபோது, "ஒண்ணு குடுக்கா, ஒரு ராணிக்கு அளவெடுக்கணும்" என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்று ஒரு முழுக்கட்டி கொடுத்தேன்.

அவன் எழுதியதிலிருந்து பார்த்து எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மெதுவாகப் படி.

"விரிசல் முதலில் ராணி படத்தின் சட்டத்துக்கு மேலே இருந்தது. இப்போது சட்டத்தின் அடியைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். திங்கட்கிழமை என்றால் தொந்தரவு பண்ண ஆள் இல்லை. பெரிய அதிகாரியிடம் சொன்னேன், நூறு வருடமாக நிற்பது உன் கோட்டைப் பார்த்தா விழும் என்கிறார். நீ அவளிடம் சொல்லாதே அக்கா. தினமும் என்னை அனுப்பிவிட்டு வீட்டில் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்."

அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார், கட்டடம் உன் அப்பன் வீட்டுச் சொத்தா, பெரிய இடத்தோடு மோதி வேலையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்காதே என்று எழுதினேன். அதற்கு அவன் கடைசியாக எழுதியது: "நீ சொல்வதும் சரிதான் அக்கா. வெறும் கோட்டை வைத்துக்கொண்டு பேசினால் வேலை போகும். மேலே ஏறி உத்திரத்தை ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டால் யாரும் மறுக்க முடியாது. இந்தத் திங்கட்கிழமை சாவி கிடைக்கும்."

அந்தத் திங்கட்கிழமைதான்.

அவன் போனபிறகுதான் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது. படித்துவிட்டுத்தான் அடக்கத்துக்கு வந்தேன். வந்து உன்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய்.

நீ அந்தப் படிக்கட்டில் கால் வைக்காதே. பாப்பாவை அனுப்பாதே. கடிதத்தை அனுப்பச் சொல்லிக் கேட்காதே. நான் எழுதியதற்கு அவன் பதில் சொல்கிறான் அதில். நாலு பேர் படித்தால் நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்?

அண்ணி


ஜூன் 22

அண்ணிக்கு,

ஏழு. அந்த எண்களில் ஓர் ஏழு இருந்தது, நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. உங்கள் தம்பி ஒருவர்தான் அப்படிப் போடுவார். பன்னிரண்டு வருடம் பார்த்த எழுத்து. அதன்மேல் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், அண்ணி. என் கண் எங்கே போயிருந்தது?

உங்கள்மேல் கோபப்பட வேண்டும் என்று இரண்டு நாள் முயற்சி செய்தேன். நாலு மாதம் என் தலையில் வைத்தீர்களே என்று. கோபம் வருகிறது, ஆனால் அது வருவதற்குள் பயம் வந்துவிடுகிறது.

நீங்கள் எழுதிக் கொடுத்த வரிகளை எடுத்துக்கொண்டு பெரிய அதிகாரியிடம் போனேன். உட்காரச் சொல்லவில்லை. படித்தார்.

"இது யார் எழுத்து?"

"எங்க அண்ணி எழுத்து சார். அவர் எழுதினதப் பாத்து எழுதினாங்க."

"சரி, அந்தக் கோடு எல்லாம் எங்க?"

"நான் தொடச்சிட்டேன் சார்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாரும்மா, உன் துக்கம் எனக்குப் புரியுது. வேணும்னா வேற மண்டபத்துக்கு மாத்தித் தர்றேன். பீதியக் கிளப்பாத" என்றார். திரும்பி வந்து பார்த்தால் விரிசலும் இல்லை. திறப்பு விழாவுக்காக அடைத்துப் பூசி, சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ராணி படம் புதுச்சுவரில் மாட்டியதுபோலப் பளிச்சென்று இருக்கிறது.

பாப்பாவை நிறுத்திவிடலாம். வயிற்றுவலி என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். மீதி ஐம்பத்தொன்பது பேரை எந்தச் சீட்டு எழுதி நிறுத்துவது? முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளை நேற்று எங்கள் வீட்டுக்கு வந்து, பாட்டைப் பாடிக் காட்டிவிட்டுப் போனது. அது போன பிறகு நான் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் நடக்கிறார் என்று நினைத்துப் பயந்தேன் இல்லையா? இப்போது அவர் நடந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது. நடப்பது அவர் இல்லை என்பதுதான் இப்போது பயம்.

ஒன்று மட்டும் யோசித்தேன். சுவரை அவர்கள் பூசலாம். பொடி விழுவதை யாரும் பூச முடியாது. அதை மறைத்தது யார்? நான்தான். காலையில் முதல் வேலையாக ஒரு தூசி இல்லாமல் துடைத்து, ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும்போது எல்லாம் பளபளவென்று இருக்க வைத்தது நான்தான். அந்த மண்டபத்தில் யாரும் அந்தப் பொடியைப் பார்த்ததே இல்லை.

இன்று முதல் கயிற்றுக்கு உள்ளே நான் துடைக்கப் போவதில்லை. கயிற்றுக்கு வெளியே எல்லாம் துடைப்பேன், உள்ளே கை வைக்கமாட்டேன். வேறு ஆள் உள்ளே போகமாட்டார்கள். கம்பளத்தில் கால் வைக்க எனக்கு மட்டும்தான் அனுமதி. விசில் கண்டுபிடித்தால் வேலை போகும். கை துணியைத் தேடுகிறது. கட்டிப்போட்டதுபோல நிற்கிறேன்.

அவர் கையெழுத்தில் இருக்கிற கடிதத்தை அனுப்புங்கள் அண்ணி. உங்கள் முகத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அறுபது முகத்தைப் பற்றி நான் கவலைப்படுகிறேன். இது குத்திப் பேசியது என்றால் பேசியதாகவே இருக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 26

அம்மாடி,

தபாலில் போட்டால் தொலைந்துவிடும் என்று மனசு சொல்கிறது. நானே கொண்டு வருகிறேன். கடையை மூன்று நாள் பூட்டுகிறேன். இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் மூன்றரைக்குள் வந்துவிடுவேன். சீட்டு வாங்கிக்கொண்டு, அரண்மனை பார்க்க வந்தவள் மாதிரி உள்ளே வருவேன். என்னைத் தெரியாத மாதிரி இரு.

துடைக்காதே. என்ன ஆனாலும் துடைக்காதே.

அண்ணி


ஜூலை 3

அம்மாடி,

வீட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் எட்டு மணி நேரம், ஒரு கண் மூடவில்லை. அன்று நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாய். உனக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். உனக்கு இது வேண்டும்.

உள்ளே வந்ததும் முதலில் கம்பளத்தைத்தான் பார்த்தேன். ஒரு வாரப் பொடி. சிவப்புத் துணியில் நானே கட்டியை வைத்து இழுத்ததுபோல, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு வெள்ளைக் கோடு. அண்ணாந்தால் நேராக அதன்மேல் அந்த உத்திரம். முப்பது வருடமாகத் துணியில் கோடு போடுகிறவள் நான். கோடு எங்கே பிசகுகிறது என்று என் கண்ணுக்குத் தெரியும். நடுவில், ராஜா நாற்காலிக்கு நேரே, கோடு பட்டையாக இருந்தது. அங்கேதான் அதிகம் கொட்டியிருக்கிறது. அங்கேதான் மரம் தொங்குகிறது.

என் பக்கத்தில் ஒருவர் தன் மனைவியிடம், "இவ்ளோ பெரிய அரண்மனை, ஒரு துடைப்பம் வாங்க வக்கில்ல" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. முதல் ஆளாக ஒருவருக்குக் கண்ணில் பட்டது பார்.

அப்போதுதான் பிள்ளைகள் வந்தார்கள். விழாவுக்கு முன்னால் ஒத்திகை என்று நீ எனக்கு எழுதவில்லை. உனக்கே அன்று காலையில்தான் தெரிந்ததாம், பாப்பா பிறகு சொன்னாள். சீருடையில் அறுபது பேர், இரண்டிரண்டாக, படிக்கட்டுக் கதவைப் பார்த்து. நீ ஓடிப்போய் அந்தக் கதவில் முதுகை வைத்து நின்றாய். கையில் துடைப்பத்தைக் குறுக்கே பிடித்திருந்தாய். விசில் ஊதுகிறார், நீ கண்ணை மூடிக்கொள்கிறாய். பாப்பா வரிசையில் நின்று உன்னைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அவமானம் இல்லை. அவள் வரிசையை விட்டு வந்து உன் பக்கத்தில் கதவில் சாய்ந்து நின்றாள். அதை நீ பார்க்கவில்லை. கை பட்டதும் விசில்தான் இழுக்கிறார் என்று நினைத்து நீ துடைப்பத்தை இன்னும் இறுக்கினாய்.

பெரிய அதிகாரி வந்தார். முதலில் கம்பளத்தைப் பார்த்துத்தான் கத்தினார். "இது என்ன மண்டபமா, மாட்டுத் தொழுவமா? யாரு இங்க பெருக்குறது?" நான் கயிற்றைத் தாண்டிப் போனேன். "என் தம்பி இங்கதான் சார் செத்தான். இது அவன் எழுத்து. ரெண்டு நிமிஷம் படிச்சிட்டு அப்புறம் எங்கள வெரட்டுங்க" என்றேன். நான் எழுதியதைப் பற்றி அவன் எழுதியிருப்பதையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். படிக்கட்டும்.

அவர் படித்துக்கொண்டிருக்கும்போது நாலு மணி ஆனது.

நீ எழுதியதுபோல டக் என்று கேட்கவில்லை. பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி நீளமாக ஒரு சத்தம். அவர் வழுக்கைமேல், கடிதத்தின்மேல், பொடி கொட்டியது. அப்போதுதான் அந்த மனிதர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். எத்தனை வருடமாக அங்கே அதிகாரியோ தெரியாது, அன்றுதான் முதல் தடவை பார்த்தார் என்று நினைக்கிறேன். "பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றார். கத்தவில்லை. கிசுகிசுத்தார். சத்தமாகப் பேசினால் விழுந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி.

பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் ஒன்று சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன், இங்கே எழுதுகிறேன். நீ அவனை அனுப்பவில்லை. நான்தான் ஏற்றிவிட்டேன்.

அண்ணி


ஜூலை 15

அண்ணிக்கு,

யாரும் ஏற்றிவிடவில்லை. அவராக ஏறினார். அதை நீங்களும் நானும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டாம்.

மண்டபத்தை மூடிவிட்டார்கள். உத்திரத்துக்கு அடியில் இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. என்ஜினியர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து விசிலிடம் சொன்னாராம், உத்திரத்தின் உள்ளே கரையான் அரித்துப் பஞ்சாகக் கிடக்கிறது, பத்துப் பேர் நின்றிருந்தால் போதும் என்று. விசில் என்னிடம் அதைச் சொல்லிவிட்டு விசிலைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பெரிய அதிகாரி இதுவரை என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை போல.

மேலே, படி முடிகிற இடத்தில், உத்திரத்தின் பக்கவாட்டில் ஒரு நீலக்கோடு இருக்கிறதாம். பக்கத்தில் அந்தத் திங்கட்கிழமைத் தேதி. அவர் பார்த்துவிட்டார், அண்ணி. பார்த்து, குறித்துவிட்டு, சொல்லத்தான் இறங்கியிருக்கிறார். மேலிருந்து மூன்றாவது படி உளுத்து உடைந்து கிடக்கிறது. அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு யாரும் அந்தப் படியில் ஏறிப் பார்த்ததில்லை. மயக்கம் என்று எழுதியதை மாற்றுகிறோம் என்கிறார்கள். பாப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்பா கோடு கோணலா இருக்கும், பாத்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. தூண் வைத்ததிலிருந்து நாலு மணிக்குச் சத்தம் இல்லை. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள் நாலு மணிக்குத் துணியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். ஒன்றும் இல்லை. நாலரைவரை நின்றேன். பயந்து பயந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு டக்கும் போய்விட்டது. அவர் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிப்ரவரியில் தெரியவில்லை.

மற்ற மண்டபங்களிலும் விரிசல் இருக்கிறது. மொத்தம் பதினான்கு. யாராவது வாராவாரம் பார்க்க வேண்டும் என்று என்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது நான் கையைத் தூக்கினேன். எனக்கு எண் எழுதத் தெரியும். போன திங்கட்கிழமை பதினான்கு கோடு போட்டேன். ஏழுக்குக் குறுக்குக் கோடு போட மறக்கவில்லை.

அவர் சட்டைப்பையில் இருந்த துண்டு அன்றோடு தேய்ந்து தீர்ந்துவிட்டது. நகத்தளவு மிச்சம் இருக்கிறது, அதைத் தொடமாட்டேன். அடுத்த திங்கட்கிழமைக்குள் கிடைக்கிற மாதிரி ஒரு முழுக்கட்டி அனுப்புங்கள். நீலமாகவே இருக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி